பறை கேட்டவர்களும் பறைக்குத் தோல் கொடுத்தவனும்

1

கடவுளிடம் எதையும் கேட்காதே, கடவுளையே கேள் என்று ஓர் உபதேசம் நம்மிடையே ரொம்ப காலமாகப் புழங்கிவருகிறது. கதாகாலட்சேபத்தில், சுவிசேஷக் கூட்டத்தில், தியான வகுப்பில், ஆன்மீக இதழ்களின் கேள்வி பதிலில் என்று எங்கேயும் இதைக் கேட்கலாம். வேலை வேணும், பிள்ளை வேணும், கடன் அடையணும் என்று கைகூப்பி நிற்பவர் கீழ்ப்படியில் இருக்கிறார். எதுவும் வேண்டாம், நீ போதும் என்று சொல்பவர் மேல்படிக்குப் போய்விட்டார். முன்னது வியாபாரம், பின்னது பக்தி. இப்படியாக ஓர் ஏணி.

இந்த ஏணியை எதிர்த்தரப்பும் ஒருவகையில் ஒப்புக்கொண்டுவிட்டது. பகுத்தறிவு மேடை பிரார்த்தனையைப் பேராசை என்றும், கடவுளுக்குத் தரும் லஞ்சம் என்றும் கிண்டலடித்தது. கிண்டலில் நியாயம் இருந்தது. ஆனால் அது தாக்கியது வரத்தை. உண்டியலை, நேர்த்திக்கடனை, தரகரை. உறவு என்று ஒன்று பேசப்பட்டதே, அதை அந்த மேடைப் பேச்சு பெரும்பாலும் தொடவில்லை. 'அதெல்லாம் மூடநம்பிக்கை சார், உண்மையான பக்தி வேறே' என்று எதிராளி நழுவிப்போக ஒரு கதவு திறந்தே கிடந்தது. ஒருபுறம் வரம் என்ற பேரம், மறுபுறம் பேரம் கலவாத தூய உறவு. இந்த எதிர்வை இரண்டு தரப்பும் சேர்ந்தே கட்டிக்காத்தன.

நான் இங்கே முயல்வது இந்த எதிர்வை வரலாற்றில் இறக்கிவைத்துப் பார்ப்பது. யார் வரம் கேட்டார்கள்? யாருக்கு உறவு வாய்த்தது? ஆன்ம வளர்ச்சியின் படிகளாக இதைப் படிக்காமல், இடம் சம்பந்தப்பட்ட விஷயமாக, அதாவது கேட்பவர் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார் என்ற விஷயமாகப் படித்தால் என்ன தெரியவருகிறது?

2

தமிழில் தெய்வத்திடம் கேட்கும் மொழி, புரவலனிடம் கேட்கும் மொழியிலிருந்து வந்தது. பாணனும் பொருநனும் விறலியும் மன்னனைத் தேடிப்போய்ப் பாடினார்கள், பரிசில் பெற்றார்கள், பெற்றவர் வழியில் கண்ட வறியவருக்கு அவன் ஊரையும் கொடையையும் சொல்லி ஆற்றுப்படுத்தினார். திருமுருகாற்றுப்படையில் அந்த மன்னன் இருந்த இடத்தில் முருகன் வந்து நிற்கிறான். வடிவம் அதே வடிவம்தான். யானையும் பொன்னும் இருந்த இடத்தில் அருள் வந்திருக்கிறது.

சங்கத் தொகைகளில் பிந்தியது எனக் கருதப்படும் பரிபாடலில் இன்னும் சுவையான ஒரு காட்சி. பரங்குன்றத்துக்குப் போகிறவர்களைப் பற்றிய பாடலில் ஒருத்தி வயிற்றில் கரு தங்க வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறாள். இன்னொருத்தி பொருள் தேடிப் போனவனுக்கு அது வாய்க்க வேண்டும் என்கிறாள். மற்றொருத்தி போருக்குப் போனவன் வெல்ல வேண்டும் என்று அருச்சிக்கிறாள். அதே தொகையில் கடுவன் இளவெயினனார் என்ற புலவர் செவ்வேளிடம், நாங்கள் கேட்பது பொருளும் பொன்னும் போகமும் அல்ல, அருளும் அன்பும் அறனுமே என்கிறார். ஆக, இரண்டு குரலும் ஒரே குன்றின் அடிவாரத்தில், ஒரே தொகையில் இருக்கின்றன. ஒன்று முந்தியது, தாழ்ந்தது. மற்றது பிந்தியது, உயர்ந்தது என்று சொல்ல அந்தப் பிரதியில் ஆதாரம் இல்லை. கரு வேண்டும் என்று கேட்பவள் பெண். வேண்டாம் என்பவர் புலவர். இந்த வேறுபாட்டை நாம் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பக்தி இயக்கம் இந்தப் புரவலன் மொழியை ஆண்டான், அடிமை மொழியாக மாற்றியது. க. கைலாசபதி தம் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில் உள்ள 'நாடும் நாயன்மாரும்' கட்டுரையில் இதன் வர்க்க அடிப்படையை எடுத்துக்காட்டினார். நிலவுடைமை சார்ந்த சக்திகள் வணிகச் சார்புடைய சமண பௌத்தத்தை எதிர்கொண்ட சூழலில்தான் பக்தி எழுந்தது என்பது அவர் வாதம். அது அடிப்படையில் இன்றும் செல்லுபடியாகக் கூடியது. ஆனால் அடிமை என்ற சொல்லை நிலவுடைமையின் பிரதிபலிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒன்று விட்டுப்போகிறது. பரிசில் பெற்ற பாணன் பெற்றதும் போய்விடுவான். அடிமை போக மாட்டான், கூடவே இருப்பான். அடிமை என்ற சொல்லுக்குள் கூடவே இருப்பதற்கான கோரிக்கை ஒன்று ஒளிந்திருக்கிறது.

திருப்பாவையில் இது கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. நோன்பு நோற்கும் ஆயர்பாடிப் பெண்கள் முதல் பாட்டிலிருந்தே பறை தருவான் என்ற நம்பிக்கையில்தான் கிளம்புகிறார்கள். 26ஆம் பாட்டில் சங்கு, பறை, விளக்கு, கொடி, விதானம் என்று பட்டியல் போடுகிறார்கள். 27இல் நகையும் உடையும் நெய் வழியும் சோறும். 28இல் குரல் மாறுகிறது. ஒழிக்க முடியாத உறவு பற்றிப் பேசுகிறார்கள். 29இல், இன்று பறை வாங்கிப்போக வந்தோம் என்று நினைக்காதே, ஏழேழ் பிறவிக்கும் உன்னோடு உறவாக இருக்கவும் உனக்கே ஆட்செய்யவும் வந்தோம் என்று சொல்லிவிடுகிறார்கள். வைணவ உரைகாரர்கள் பறை என்பதற்கே கைங்கரியம் என்று பொருள் கொண்டார்கள். எனக்கு அந்தச் சொல்லின் நேர்ப்பொருளை விட மனமில்லை. பறை என்றால் பறைதான். தோல் போர்த்த கருவி. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

3

உறவுப் பாடல்கள் பாடப்பட்ட கோயில், நடைமுறையில் கணக்கு நிறுவனமாக வளர்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் நந்தாவிளக்குக் கொடைகள் வரிசையாக வருகின்றன. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவை 'சாவா மூவாப் பேராடு'. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. அதாவது ஆடு செத்தாலும் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. இடையன் நாள்தோறும் நெய் அளந்தாக வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. கைப்பிழையாக ஆளைக் கொன்றவன் விளக்கு வைத்துப் பழி தீர்த்துக்கொண்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன. புண்ணியம் அளக்கக்கூடியதாக, மாற்றக்கூடியதாக, வட்டிக்கு விடக்கூடியதாக ஆனது. தஞ்சைப் பெரிய கோயிலின் காசு ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அதே கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து அவர்களுக்கு நெல் அளக்க ஏற்பாடு செய்தான். ஒன்றும் வேண்டாம் என்று உருகிய பாட்டு, சம்பளம் பெறும் பணியாக ஆனது. இதில் போலித்தனம் ஒன்றும் இல்லை. நிறுவனம் உறவை உள்வாங்கும் விதமே இதுதான்.

உறவும் அங்கே ஒரே மாதிரி கிடைக்கவில்லை. பின்னால் வந்த சைவ சித்தாந்தம் அதற்கும் படிவைத்தது. அப்பருடையது தாச மார்க்கம், சம்பந்தருடையது சற்புத்திர மார்க்கம், சுந்தரருடையது சக மார்க்கம், மாணிக்கவாசகருடையது சன்மார்க்கம். அடிமை, மகன், தோழன், பிறகு ஞானி.

தோழன் சுந்தரரை எடுத்துக்கொள்வோம். பெரிய புராணத்தில் கடவுளிடம் அதிகமாகக் கேட்டவர் இவர்தான். நெல் கேட்டார்; கிடைத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க ஆளும் கேட்டார். பொன் கேட்டார். முதுகுன்றத்தில் கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்த பொன்னின் மாற்று குறைந்திருக்கிறதா என்று, முன்பே வெட்டிவைத்திருந்த மச்சத்தோடு உரைத்தும் பார்த்தார். ஊடல் தீர்க்கப் பரவையார் வீட்டுக்கு ராத்திரியில் கடவுளையே தூது அனுப்பினார். கண் போனபோது திட்டினார். இத்தனைக்கும் பிறகு அவருக்கு 'தம்பிரான் தோழர்' என்று பெயர். இவரை யாரும் கீழ்ப்படியில் நிறுத்தவில்லை. ஏன்? தோழன் கேட்டால் அது உரிமை. அந்நியன் கேட்டால் அது பிச்சை. கேட்பதில் கேவலம் இல்லை, யார் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுந்தரர் ஆதிசைவர் குலத்தில் பிறந்தவர் என்பதையும் சேக்கிழார் சொல்ல மறக்கவில்லை.

திருவீழிமிழலைப் பஞ்சக் கதை இன்னும் நுட்பமானது. அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைக்கிறது. அப்பர் காசு உடனே மாறுகிறது. அவர் மடத்தில் நேரத்துக்குச் சோறு. சம்பந்தர் காசுக்கு வட்டம் கொடுக்க வேண்டியிருக்கிறது, சோறு தாமதம். காரணம், அப்பர் கையால் உழவாரப்பணி செய்கிறவர். கடவுளின் மகனான கவுணியப் பிள்ளையின் காசைவிட வேளாளரான வேலைக்காரரின் காசுக்கு மதிப்புக் கூட. சேக்கிழார் இந்த இடத்தில் உடலுழைப்புக்கு ஒரு விலை வைக்கிறார். சரி, அப்படியானால் உடலுழைப்பு செய்த எல்லாருக்கும் அந்த விலை கிடைத்ததா?

4

இப்போது தோலுக்கு வரலாம்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரின் பெயரைச் சொல்லிப் போய்விடுகிறார். நம்பியாண்டார் நம்பியில் சாதி வந்து சேர்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விரிக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் நந்தன் வாழ்கிறான். ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவை என்ற நிலம் அவனுக்குச் சோறு போடுகிறது. கோயில்களின் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுக்கிறான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். அருச்சனைக்குக் கோரோசனை கொடுக்கிறான். ஆயர்பாடிப் பெண்கள் கேட்ட பறை அவன் கையிலிருந்து போகிற பொருள். அவன் கேட்கிறவன் அல்ல, கொடுக்கிறவன். கொடுத்தது உள்ளே போகிறது, அவன் வெளியே நிற்கிறான்.

இவனுக்கு ஒரே ஓர் ஆசை, பார்க்க வேண்டும். செல்வம் கேட்கவில்லை, பிள்ளை கேட்கவில்லை, நோய் தீரக் கேட்கவில்லை. உபதேசக்காரர்களின் ஏணியில் வைத்துப் பார்த்தால் இவன் சுந்தரரையும் தாண்டி உச்சிப்படியில் இருக்க வேண்டியவன். வரமே வேண்டாம் என்று உறவை மட்டும் கேட்டவன். அவனுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். திருப்புன்கூரில் நந்தி விலகியது. வாசலில் நின்றபடியே பார்க்கலாம். இது வரம். தூரத்தைக் குறைக்காமல் பார்வையை மட்டும் திறந்துவிடுவது. தில்லையில் அவன் எல்லையைச் சுற்றிச்சுற்றி வருகிறான். கனவில் வந்த கடவுள் தீயில் மூழ்கி, முப்புரி நூலோர் உடன் வா என்கிறார். தில்லை அந்தணர் கனவிலும் அதே கட்டளை. தீ மூட்டப்படுகிறது. உள்ளே போகிறவன் புலையன். வெளியே வருகிறவன் பூணூலும் சடையும் தரித்த முனிவன். அந்த முனிவன் உள்ளே போய் மறைந்துபோகிறான். கடவுளின் முன்னால் நந்தன், நந்தனாக, ஒரு கணம்கூட நிற்கவில்லை.

வரத்துக்கும் உறவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிச்சமாகிறது. வரத்தைத் தூரத்திலிருந்து கொடுக்க முடியும். சுவருக்கு மேலே எறியலாம், ஆள்வசம் அனுப்பலாம், திருநீறாக விசிறலாம். அதற்காகக் கொடுப்பவர் எழுந்திருக்கவும் வேண்டாம், வாங்குபவர் உள்ளே வரவும் வேண்டாம். உறவுக்கு அருகாமை வேண்டும். அதனால் சாதிச் சமூகத்துக்கு வரம் கேட்பவரால் தொல்லை இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் வெளியே வரிசையில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். உறவு கேட்பவன்தான் ஆபத்தானவன். அவனை ஒன்று விலக்கி வைக்க வேண்டும், அல்லது எரித்து வேறொருவனாக்கி உள்ளே விட வேண்டும்.

1860களின் தொடக்கத்தில் அச்சான கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேக்கிழாரிடம் இல்லாத ஓர் ஆள் வந்துசேர்கிறார்: வேதியர் என்ற ஆண்டை. தில்லைக்குப் போக அனுமதி கேட்கும் நந்தனிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே ராத்திரியில் பயிர் விளைந்து நிற்கிறது. இந்த அற்புதத்தைப் பற்றி எவ்வளவோ பேர் கண்ணீர்விட்டுப் பாடியிருக்கிறார்கள். விளைந்த நெல் யார் களத்துக்குப் போனது? கடவுளின் வரம் ஆண்டையின் குதிருக்குப் போனது. நந்தனுக்குக் கிடைத்தது லீவு. அதே காவிரிப் படுகையில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி கூடக் கேட்ட பின்னணியில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 'கேட்காதே' என்ற உபதேசம் இந்த மண்ணில் யார் காதில் எப்படி விழும் என்பதற்கு வேறு உரை தேவையில்லை. அயோத்திதாசர் இந்த நந்தனையே ஏற்க மறுத்தார். அவர் எழுதிய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் வஞ்சகத்தால் கொல்லப்பட்ட மன்னன். யாசிக்கும் நந்தனுக்கு எதிராக, யாரிடமும் யாசிக்கத் தேவையில்லாத நந்தன்.

5

நந்தன் புராணம், விட்டுவிடுவோம் என்றால், கமுதி வழக்கு ஆவணம்.

1893இல் விவேகானந்தர் சிகாகோவில் வாசித்த இந்து மதம் பற்றிய உரையில் தருமனின் கதை ஒன்று வருகிறது. நாடிழந்து காட்டில் இருக்கும் தருமன், இமயமலையை அதன் அழகுக்காகவே நேசிக்கிறேன், கடவுளையும் அப்படித்தான், பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை, அன்பை வியாபாரமாக்க என்னால் முடியாது என்று பாஞ்சாலியிடம் சொல்கிறான். விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கமும் பொருளும் தந்தவர்களில் முக்கியமானவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

நான்கு வருஷம் கழித்து, 1897 மே மாதம், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்தது. சேதுபதி தரப்பில் வழக்குப் போடப்பட்டது. 1899இல் மதுரை சப் கோர்ட், 1901இல் சென்னை உயர்நீதிமன்றம், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்று மூன்று இடத்திலும் நாடார்கள் தோற்றார்கள். பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்தபோது சேதுபதி உயிரோடு இல்லை. அவர் வாரிசின் பெயரில் வழக்கு முடிந்தது.

தனிமனிதரைக் குற்றம்சாட்டுவது என் நோக்கமல்ல. அன்பு வியாபாரமல்ல என்ற பேச்சுக்கு மொய் எழுதிய கையும், உள்ளே வந்தவரை வெளியேற்ற மனுப்போட்ட கையும் ஒன்றாக இருப்பதில் அந்தக் காலத்துக்கு எந்த நெருடலும் தெரியவில்லை என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கமுதி நாடார்கள் வரத்துக்கு ஏங்கியவர்கள் அல்ல. வணிகத்தில் முன்னேறியவர்கள், மகமை வைத்துத் தங்கள் கோயில்களையும் சத்திரங்களையும் கட்டிக்கொண்டவர்கள். சாமியிடம் பொருள் கேட்பதற்குச் சொந்தச் சாமி இருந்தது. அவர்கள் கேட்டது, நிற்க ஒரு இடம். மூன்று நீதிமன்றங்களும் மறுத்தது அதைத்தான். அவர்களுக்குச் சாமி அருள் கிடைக்காது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அருளைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை.

6

இந்த இடத்திலிருந்து பார்த்தால் பெரியாரின் செயல் பகுத்தறிவு மேடையின் பேச்சைவிட ஆழமாகத் தெரிகிறது. கடவுள் இல்லை என்றவர் 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போனார். கடைசிக் காலத்தில் கருவறைக்குள் நுழையும் போராட்டத்தைக் கையில் எடுத்தார். இல்லாத கடவுள் பக்கத்தில் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அருகாமை என்பது கடவுள் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, மனிதரை வரிசைப்படுத்தும் விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். 1947இல் சட்டம் கதவைப் பொதுவாகத் திறந்தது. ஆனால் கருவறை வாசல் வேறு கதை. 1970இல் வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்த சட்டம், 1972இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு, 2006இல் மறுபடி அரசாணை, 2015இல் மறுபடி தீர்ப்பு, பயிற்சி பெற்ற பிற சாதியினருக்கு 2021 ஆகஸ்டில் நியமனம். சில அடி தூரத்தைக் கடக்க அரை நூற்றாண்டு. 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடுதான் போக முடிந்தது. பொங்கல் வைத்தார்கள். அதில் எவ்வளவு வரம், எவ்வளவு உறவு என்று யாரால் பிரிக்க முடியும்?

பிரிக்கத் தேவையும் இல்லை என்பதை நம் கிராமத்துப் பெண்கள் எப்போதோ அறிந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் நான் கேட்ட பேச்சு இது: 'ஏண்டி ஆத்தா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? எம் புள்ளைய இப்படிப் போட்டுப் படுத்துறியே, ஒனக்குக் கூழ் ஊத்துனவ நான்தானே? இந்த ஆடிக்கு ஒனக்கு ஒண்ணும் கெடையாது போ.' இது பேரமா, பிரார்த்தனையா, சண்டையா? எல்லாம்தான். சொந்தக்காரியிடம் பேசுகிற பேச்சு. அவள் கேட்கிறாள், ஏனென்றால் கேட்கிற முறை இருக்கிறது. சுந்தரர் பொன்னை உரைத்துப்பார்த்த அதே உரிமை, இலக்கியச் சான்றிதழ் இல்லாமல். இவளிடம் போய், கேட்காதே அம்மா, அன்பு மட்டும் செய் என்று சொல்கிறவருக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்காமலேயே கிடைக்கும்படி அவருக்கு எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே வரம் தாழ்ந்தது, உறவு உயர்ந்தது என்ற ஏணியை நாம் கீழே போட்டுவிடலாம். இரண்டும் மூடநம்பிக்கை என்று ஒரே கோணியில் கட்டி எறிவதும் சரியாகாது. அப்படி எறிந்தால் நந்தனின் ஆசையும் கமுதிக்காரர்களின் வழக்கும் தென்முடியனூர்ப் பொங்கலும் அதோடு போய்விடும். பக்திப் பிரதிகளை வாசிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, இவர் கடவுளிடம் என்ன கேட்டார் என்பது மட்டுமல்ல. எங்கே நின்று கேட்டார், அங்கே நிறுத்தியது யார், உள்ளே வரச் சொன்னபோது அவரை என்னவாக மாறச் சொன்னார்கள்? ஆயர்பாடிப் பெண்களுக்குப் பறை வேண்டாம், உறவு போதும் என்று சொல்ல முடிந்தது; அவர்கள் கண்ணன் கட்டிலருகே போய் நின்று பேசினார்கள். பறைக்குத் தோல் கொடுத்தவனுக்கு அந்தத் தெருவுக்கே வழி இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லாத எந்தப் பக்தி வரலாறும் பாதி வரலாறுதான்.